ஸ்பேனர் பக்கம்: ஸீட் ஏன் சூடாகலை?

"அண்ணே வணக்கம். கோயமுத்தூர்ல பி.இ. முடிச்சுட்டு இப்ப கனடாவுல மாஸ்டர்ஸ் பண்றேன். ஸ்டோர்ல பார்ட் டைம் வேலை பார்த்துச் சேர்த்த காசுல பழைய கார் ஒண்ணு வாங்கினேன். ஓடுது. ஆனா டிரைவர் ஸீட் ஹீட்டர் பட்டனை அமுக்கினா லைட் எரியுது, ஸீட் மட்டும் ஐஸ்கட்டி மாதிரியே இருக்கு. ஷாப்ல கேட்டா 'என்ன ஃபால்ட்டுன்னு பார்க்கறதுக்கே தனிக் காசு'ங்கறாங்க. நானே பார்க்கலாமா? டிசம்பர்ல அப்பா அம்மா வர்றாங்க. அப்பாவுக்கு சுகர் வேற. குளிர் தாங்கமாட்டார்."

மெயிலைப் படித்ததும் நம்ம மதுரை, வேலூர் வாசகர்கள் சிரிக்கப் போவது எனக்குத் தெரியும். 'ஸீட்டுக்கு ஹீட்டரா? மத்தியானம் காலேஜ் ஸ்டாண்டில் நிற்கும் என் பைக் ஸீட்டில் வந்து உட்காரச் சொல்லுங்க!' நியாயம்தான் பாஸ். ஆனால் ஒவ்வொரு பேட்ச்சிலும் நாலைந்து பேர் பெட்டியைக் கட்டிக்கொண்டு டொரான்டோ, டெட்ராய்ட், ம்யூனிக் என்று கிளம்புகிறீர்களே... அங்கே மைனஸ் 20 டிகிரியில் ராத்திரி முழுக்க வெளியே நின்ற காரில் காலையில் உட்கார்ந்து பாருங்கள், சிரிப்பு உறைந்துவிடும்.

'காரில்தான் ஹீட்டர் இருக்கிறதே, ஸீட்டுக்குத் தனியாக எதற்கு?' என்று கேட்பீர்கள். பெட்ரோல் காரின் ஹீட்டர் இன்ஜின் சூட்டில் ஓடுகிறது. இன்ஜினைச் சுற்றி ஓடும் கூலன்ட் சூடானால்தான் உள்ளே சூடான காற்று வரும். அதற்குப் பல நிமிஷம் ஆகும். அதற்குள் கிளாஸுக்கே போய்ச் சேர்ந்திருப்பீர்கள். ஸீட் ஹீட்டர் அப்படியில்லை. நேரடியாகக் கரன்ட்டில் ஓடுவதால் ஓரிரு நிமிஷத்திலேயே முதுகுக்குச் சூடு தெரிய ஆரம்பித்துவிடும். 1966-ல் கெடிலாக் இதைப் பணக்காரர்களுக்கான எக்ஸ்ட்ரா ஐட்டமாகத்தான் கொடுத்தது. குளிரிலேயே பிறந்து வளர்ந்த ஸ்வீடன்காரர்களின் சாப் கம்பெனியோ 1971-லேயே டிரைவர் ஸீட்டுக்கு ஹீட்டரைச் சேர்த்தே விற்க ஆரம்பித்துவிட்டது. (அந்த சாப் கார் கம்பெனி 2011-ல் திவாலாகிப் போனது தனிக் கதை.)

சரி, மேட்டருக்கு வருவோம். தம்பி, நீங்களே பார்க்கலாம். முக்கால்வாசி தூரம் வரைக்கும் நீங்களே போகலாம். மீதி கால்வாசியில் கை வைக்கக் கூடாது. அந்த எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்பதுதான் இந்த வாரப் பாடமே.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். பெரிய ராக்கெட் சயின்ஸ் இல்லை. ஸீட் கவருக்கும் ஸ்பாஞ்ச்சுக்கும் நடுவில் ஒரு மெல்லிய விரிப்பு. அதில் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து ஓடும் ஒரு கம்பி. சில கார்களில் கம்பிக்குப் பதில் கார்பன் ஃபைபர். உட்காரும் இடத்தில் ஒன்று, முதுகு சாயும் இடத்தில் ஒன்று. கரன்ட் போனால் கம்பி சூடாகும், உங்க வீட்டு அயர்ன் பாக்ஸ் மாதிரியே. 'போதும், ரொம்பச் சூடாகிவிட்டது' என்று சொல்ல ஒரு சென்ஸார். பழைய கார் என்றால் அயர்ன் பாக்ஸில் 'டிக்' என்று சத்தம் போடுமே, அதே ஜாதி தெர்மோஸ்டாட். இதையெல்லாம் மேய்க்க ஒரு ஸ்விட்ச், ஒரு ஃப்யூஸ், புதிய கார்களில் ஒரு கன்ட்ரோல் மாட்யூல். அவ்வளவுதான்.

இதில் எது செத்திருக்கிறது என்று கண்டுபிடிக்க ஸ்பேனரைத் தூக்குவதற்கு முன்னால், அந்தப் பட்டன் லைட்டைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். அது ஊமை இல்லை, பேசும். லைட்டே எரியவில்லை என்றால் கரன்ட்டே வந்து சேரவில்லை, அதாவது ஃப்யூஸ் அல்லது ஸ்விட்ச் பக்கம் கோளாறு என்று சந்தேகப்படலாம். லைட் எரிந்து, சில வினாடியில் தானாக அணைந்துவிட்டால், மாட்யூல் உயிரோடுதான் இருக்கிறது, எங்கேயோ தப்பு நடப்பதைக் கவனித்து அதுவே ஆஃப் செய்துகொள்கிறது என்று பெரும்பாலும் அர்த்தம். லைட் பாட்டுக்கு எரிந்துகொண்டே இருக்கிறது, ஸீட் மட்டும் ஜில்லென்று இருக்கிறது என்றால், அதாவது நம்ம தம்பி கேஸ், ஸ்விட்ச்சுக்குப் பின்னால், ஸீட்டுக்குப் பக்கத்தில் எங்கேயோ வழி அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். பழைய சிம்பிள் சர்க்யூட்டில் பாவம் அந்த லைட்டுக்கு ஸீட்டில் என்ன நடக்கிறது என்றே தெரியாது. 'நீ ஆன் பண்ணினே, நான் எரியறேன்' என்பதோடு அதன் டியூட்டி முடிந்தது.

அடுத்து, கோளாறே இல்லாத கோளாறுகள். பல கார்களில் இன்ஜின் ஓடினால்தான் ஸீட் ஹீட்டர் வேலை செய்யும், சாவியை ஆனில் வைத்தால் மட்டும் போதாது. பேட்டரி வீக்காக இருந்தால் சில கார்கள் 'முதலில் வண்டி ஸ்டார்ட் ஆகட்டும், உன் முதுகை அப்புறம் பார்க்கலாம்' என்று இந்த மாதிரி சொகுசு லோடுகளை முதலில் வெட்டிவிடும். சில மாடல்களில் பக்கத்து ஸீட்டில் ஆள் உட்கார்ந்திருந்தால்தான் அந்த ஹீட்டர் ஆன் ஆகும். வெளியே நின்றுகொண்டு கையை மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு 'போச்சு' என்று முடிவு கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். உட்கார்ந்து, வண்டியை வெளியே திறந்த இடத்தில் ஸ்டார்ட் செய்து (மூடிய கராஜில் இன்ஜினை ஓடவிடுவது கார்பன் மோனாக்சைடால் உயிருக்கே ஆபத்து), ஹை-யில் வைத்து ஐந்து நிமிஷம் பொறுங்கள். காலுக்கடியில் பாதி மட்டும் சூடாகிறதா, முதுகு மட்டும் சூடாகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் அது பெரிய துப்பாக இருக்கும்.

இன்னும் ஒன்றும் இருக்கிறது. செலவே இல்லாதது. காரின் 17 இலக்க வின் நம்பரைப் போட்டு, அந்த மாடலுக்கு ரீகால் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். ஸீட் ஹீட்டருக்காக நடந்த ரீகால்கள் நிறைய. 2014 ஜனவரியில் டொயோட்டா, கேம்ரி உள்ளிட்ட சில மாடல்களை அமெரிக்காவில் விற்பதையே நிறுத்தி வைத்தது. ஹீட்டர் வைத்த ஸீட்டில் போட்டிருந்த துணி, அந்த நாட்டுத் தீப்பாதுகாப்பு விதிக்குப் பொருந்தவில்லை என்பதுதான் காரணம். உங்க காருக்கு இந்த மாதிரி ரீகால் பாக்கி இருந்தால் பொதுவாகக் கம்பெனி டீலரே காசு வாங்காமல் சரி செய்வார். அப்புறம் எதற்கு மல்டிமீட்டர்?

ரீகால் இல்லையா? சரி, ஃப்யூஸ். ஓனர்ஸ் மேனுவலில் எந்தப் பெட்டியில், எத்தனையாவது இடத்தில் என்று படம் போட்டே இருக்கும். பிடுங்கிப் பார்த்தால் நடுக்கம்பி அறுந்திருப்பது கண்ணுக்கே தெரியும். அறுந்திருந்தால் அதே ஆம்பியரில் புதுசு. ஒரு ஆம்பியர்கூட அதிகம் வேண்டாம். நம்ம ஹாஸ்டலில் ஃப்யூஸ் போனால் ஒரு செம்புக் கம்பியைச் சுற்றி மாட்டிவிடும் 'எலக்ட்ரீஷியன்' ஒருத்தன் எல்லா பிளாக்கிலும் இருப்பானே, அந்த வேலையை இங்கே காட்டக் கூடாது. அங்கே போனால் ஒரு ரூம் இருட்டாகும். இங்கே நீங்கள் உட்கார்ந்திருக்கும் ஸ்பாஞ்ச்சுக்குள் பற்றிக்கொள்ளும். புது ஃப்யூஸும் உடனே போனால் எங்கேயோ ஷார்ட். அதோடு நிறுத்திவிட்டு ஷாப்புக்குப் போய்விடுங்கள்.

ஃப்யூஸ் நல்லா இருக்கிறது. இப்போது ஸீட்டுக்கு அடியில் குனியப் போகிறோம். அதற்கு முன்னால் ஒரு நிமிஷம்.

ஸீட்டுக்கு அடியில் மஞ்சள் கலரில் ஒரு கனெக்டர் இருக்கும். அது ஏர்பேக் ஒயர். ஸீட்டின் பக்கவாட்டில் இருக்கும் ஸைடு ஏர்பேக்குக்கும், சில கார்களில் ஸீட் பெல்ட்டை வெடுக்கென்று இழுக்கும் ப்ரீடென்ஷனருக்கும் போவது. இரண்டுமே சின்ன வெடிமருந்தில் வேலை செய்பவை. அந்தக் கனெக்டரைக் கழற்றாதீர்கள். அதில் மல்டிமீட்டர் முனையை வைக்கவே வைக்காதீர்கள். ரெஸிஸ்டன்ஸ் பார்க்க மீட்டர் அனுப்பும் துளியூண்டு கரன்ட்கூட அதற்குப் பழக்கமில்லாத கரன்ட். ஸீட்டைக் கழற்ற வேண்டிய நிலை வந்தால் பேட்டரியின் நெகடிவ்வைக் கழற்றி, மேனுவலில் சொன்ன நிமிஷங்கள் வரை காத்திருக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் ஏர்பேக் யூனிட்டில் கொஞ்ச நேரம் சார்ஜ் தங்கியிருக்கும். சில கார்களில் ஹீட்டர் ஒயரும் ஏர்பேக் ஒயரும் ஒரே பெரிய கனெக்டரில் வரும். உங்க கார் அப்படியென்றால், நான் ஆரம்பத்தில் சொன்ன எல்லைக்கோடு அங்கேதான். கையை எடுத்துவிடுங்கள். மிச்சம் பிடிக்கும் காசு ஆஸ்பத்திரி பில்லுக்குக் காணாது.

ஹீட்டர் கனெக்டர் தனியாக இருக்கிறதா? ஜமாய்க்கலாம். டார்ச் அடித்துப் பாருங்கள். பனி ஊர்களில் ரோட்டில் ஐஸ் உருக உப்பைக் கொட்டுகிறார்கள். அந்த உப்புத் தண்ணி ஷூவோடு காருக்குள் வந்து, கார்ப்பெட்டில் ஊறி, ஸீட்டுக்கு அடியில் இருக்கும் கனெக்டரைத் தொட்டுப் பார்க்கிறது. ஊறுகாய் ஜாடி மூடி மாதிரி பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். ஸீட்டை முன்னே பின்னே தள்ளித் தள்ளி ஒயர் இழுபட்டு, பின் லூஸாகி இருப்பதும் உண்டு. வண்டியை ஆஃப் செய்துவிட்டு, ஹீட்டர் கனெக்டரை மட்டும் கழற்றி, எலக்ட்ரிக்கல் கான்டாக்ட் க்ளீனர் அடித்து, காயவிட்டு, 'க்ளிக்' சத்தம் கேட்கிற வரை அழுத்தி மாட்டுங்கள். இதிலேயே சூடு வந்துவிட்டால், வாழ்த்துகள்! பிரியாணி சாப்பிடப் போகலாம்.

வரவில்லையா? மல்டிமீட்டர். சல்லிசான டிஜிட்டல் மீட்டரே போதும். ட்ரிபிள் ஈ லேப்பில் எக்ஸ்டர்னல் வைவா கேட்டபோது நீங்கள் முழித்த அதே ஓம்ஸ் லாதான் இப்போது கைகொடுக்கப் போகிறது.

உதாரணத்துக்கு ஒரு ஸீட் ஹீட்டரின் ரெஸிஸ்டன்ஸ் 3 ஓம் என்று வைத்துக்கொள்வோம். இன்ஜின் ஓடும்போது கார் சப்ளை சுமார் 14 வோல்ட். 14-ஐ 3-ஆல் வகுத்தால் 4.7 ஆம்பியர். வாட் கணக்கில் சுமார் 65. லேப்பில் பிடிக்கும் ஸால்டரிங் அயர்ன் 25 வாட்தான், ஞாபகம் இருக்கிறதா? அப்படியென்றால் இது ஒன்றும் பொம்மை சூடு இல்லை.

இப்போது வண்டியை ஆஃப் செய்து, கனெக்டரைக் கழற்றி, ஸீட் பக்கம் இருக்கும் இரண்டு ஹீட்டர் முனையில் ஓம்ஸில் வைத்துப் பாருங்கள். எந்த முனை எது என்று அந்த மாடலின் ஒயரிங் படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், யூகம் வேண்டாம். சில ஓம்கள் காட்டினால் கம்பி முழுசு. 'ஓ.எல்.' என்று காட்டினால் கம்பி எங்கேயோ அறுந்துவிட்டது. எவ்வளவு இருக்க வேண்டும் என்று தெரியவில்லையா? கவலையே வேண்டாம், பக்கத்து ஸீட்டை அளங்கள். வேலை செய்யும் பக்கத்து ஸீட்தான் உங்க ஆன்ஸர் கீ. காப்பி அடித்தால் பாஸாகும் ஒரே பரீட்சை இது.

உட்காரும் இடமும் முதுகும் சீரியலில் இணைந்திருந்தால் ஒன்று அறுந்தால் இரண்டும் அவுட். மாரியம்மன் கோயில் திருவிழாவில் ஒரு பல்பு பியூஸானதும் முழு சீரியல் செட்டும் அணையுமே, அந்தக் கதை. பேரலலில் இருந்தால் ஒன்று செத்தாலும் மற்றது சூடாகும். முதுகு மட்டும் சூடாகிறதா என்று அப்போது குறித்துவைக்கச் சொன்னது இதற்குத்தான்.

கம்பி ஏன் அறுகிறது? பின் ஸீட்டில் இருக்கும் பையை எடுக்க, ஸீட்டின் மேல் ஒரு முழங்காலை ஊன்றி எக்குவோமே, அதுதான். உடம்பின் பாரம் முழுக்க ஒரே இடத்தில். உட்காரும்போது பாரம் பரவுகிறது, முழங்காலில் குத்துகிறது. 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் செந்தில் கைக்குள் அகப்பட்ட பெட்ரோமாக்ஸ் மேன்டில் ஞாபகம் வருகிறதா? அதே கதிதான். தினமும் ஏறி இறங்குகையில் ஓரத்தில் உரசுவது இன்னொரு காரணம். பல கார்களில் டிரைவர் ஸீட் முதலில் போவதன் ரகசியம் இதுதான். டிரைவர் இல்லாமல் வண்டி எங்கேயும் போவதில்லையே!

அடுத்த காட்சிதான் பல மெக்கானிக்குகளையே சுற்றலில் விடுவது. கம்பி முழுசு என்று மீட்டர் சொல்கிறது. கனெக்டரைக் கழற்றி, கார் பக்கம் வோல்ட் பார்த்தால் 14 காட்டுகிறது. இரண்டு பக்கமும் ஓ.கே. ஆனால் மாட்டினால் சூடு வரவில்லை. பேய் வேலையா?

இல்லை பாஸ், துரு வேலை. டிஜிட்டல் மீட்டரின் உள்ரெஸிஸ்டன்ஸ் பெரும்பாலும் ஒரு கோடி ஓம். அது குடிக்கும் கரன்ட் கொசு குடிக்கும் ரத்தத்தைவிடக் குறைவு. அதனால் வழியில் ஒரு கனெக்டர் துருப்பிடித்து 3 ஓம் தடையாக நின்றாலும் மீட்டருக்கு அது உறைப்பதே இல்லை. முழுசாக 14 வோல்ட் காட்டிவிடும். ஹீட்டரை மாட்டியதும்தான் சாயம் வெளுக்கிறது. 3 ஓம் துரு, 3 ஓம் ஹீட்டர், மொத்தம் 6. கரன்ட் பாதியாகிறது, 2.3 ஆம்பியர். ஹீட்டருக்குக் கிடைப்பது 7 வோல்ட். 65 வாட் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் 16 வாட். பாதி இல்லை, கால்! இன்னொரு 16 வாட் எங்கே போனது? துருப்பிடித்த கனெக்டரிலேயே இறங்கி, அதைச் சுட்டுக்கொண்டிருக்கிறது. ஸீட் ஜில்லென்று இருக்க, ஸீட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் உருகுகிறது. லேசாகக் கருகின வாசனை வந்தால் காரணம் இது.

ஆகவே வோல்ட் பார்ப்பதென்றால் கனெக்டரை மாட்டியே வைத்து, ஹீட்டர் ஆனில் இருக்கும்போது, கனெக்டரின் பின்பக்கமாக மீட்டர் முனையை மெல்லச் செருகிப் பாருங்கள். 13, 14 இருந்தால் நல்லது. 7, 8 என்று இறங்கினால் வழியில் ஒரு திருடன் இருக்கிறான். புதிய கார்களில் மாட்யூல் கரன்ட்டை வெட்டி வெட்டி அனுப்பும். 'லோ'வில் வைத்தால் மீட்டர் எண் தாறுமாறாக ஆடும். ஹை-யில் வைத்துப் பாருங்கள். அதே போல, கனெக்டரைக் கழற்றிவிட்டால் 'லோடே இல்லை' என்று மாட்யூல் சப்ளையை நிறுத்திவிடலாம். உடனே 'மாட்யூல் அவுட்' என்று தீர்ப்பு எழுதி, விலை உயர்ந்த புது மாட்யூலை ஆர்டர் செய்துவிடாதீர்கள்.

கம்பியும் ஓ.கே., வோல்ட் வரவில்லை, லைட் சில வினாடியில் அணைகிறது. இந்தக் கூட்டணி அமைந்தால் சென்ஸார் மேல் சந்தேகப்படலாம். அது தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற ரெஸிஸ்டன்ஸ் இறங்கும் ஜாதி. அந்த ஒயர் அறுந்துவிட்டால் ரெஸிஸ்டன்ஸ் எல்லையில்லாமல் போய், 'இந்த மாதிரிக் குளிர் உலகத்திலேயே கிடையாதே, ஏதோ தப்பு' என்று மாட்யூல் கடையை மூடிவிடும். சோதனை ரொம்ப ஈஸி. சென்ஸார் இரண்டு முனையில் ஓம்ஸ் வைத்துவிட்டு, ஒருத்தரை ஸீட்டில் உட்காரச் சொல்லுங்கள். உடம்புச் சூட்டில் எண் மெதுவாக இறங்கினால் சென்ஸார் உயிரோடு இருக்கிறது. அசையாமல் 'ஓ.எல்.' என்றால் ஆள் காலி. பழைய கார் தெர்மோஸ்டாட் என்றால் குளிரில் அது மூடிய நிலையில், அதாவது பூஜ்யம் ஓம் பக்கத்தில் இருக்க வேண்டும்.

'தெர்மோஸ்டாட்தானே போச்சு, ரெண்டு ஒயரையும் முறுக்கி ஷார்ட் பண்ணிட்டா ஹீட்டர் நேரா எரியுமே' என்று ஒரு மூளைக்காரர் சொல்வார். எரியும். நிறுத்தச் சொல்ல ஆளில்லாமல் எரியும்.

காரின் ஓ.பி.டி. போர்ட்டில் மாட்டும் ஸ்கேனர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1996-க்குப் பின் வந்த கார்களில் அந்த போர்ட் உண்டு. ஆனால் மலிவான ஸ்கேனர்கள் பெரும்பாலும் இன்ஜின் கோடுகளை மட்டும் படிக்கும். ஸீட் சமாசாரம் 'பாடி' கோடு. அதைப் படிக்கும் ஸ்கேனராகப் பார்த்து நண்பர்களிடம் கடன் வாங்குங்கள்.

கம்பிதான் அறுந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது, அடுத்து? கவரைப் பிரித்து நீங்களே மாற்ற ஆசை வரும். ஸைடு ஏர்பேக் இருக்கும் ஸீட்டில் நான் வேண்டாம் என்பேன். விபத்தில் கவரின் ஒரு குறிப்பிட்ட தையல் பிரிந்துதான் ஏர்பேக் வெளியே வருகிறது. அதைத் தப்பாகத் தைத்துவிட்டால் அது வரவேண்டிய நேரத்தில் வராது. ஆனால் ஷாப்பில் போய் "ஸீட் சூடாகலை" என்று நிற்பதற்கும், "குஷன் எலிமென்ட் ஓப்பன், சப்ளை ஓ.கே., பக்கத்து ஸீட் இத்தனை ஓம் காட்டுது" என்று சொல்வதற்கும் பில்லில் வித்தியாசம் இருக்கிறது. கோளாறு தேடும் மணிநேரக் கூலியைத் தாராளமாகப் பேரம் பேசலாம். கனெக்டர் துரு, ஃப்யூஸ் என்றால் ஷாப்பே வேண்டாம்.

இப்போது அப்பா விஷயம். இதைத்தான் தம்பி முக்கியமாகப் படிக்க வேண்டும்.

சர்க்கரை நோய் பல வருஷம் இருந்தால் நரம்பு பாதிக்கப்பட்டு, தொடை, கால், பாதத்தில் உணர்ச்சி குறையலாம். நமக்குச் சுட்டால் நெளிவோம், ஆஃப் பண்ணுவோம். அவருக்குச் சுடுவதே தெரியாது. கொதிக்கிற சூடு வேண்டியதில்லை. மிதமான சூடுகூட ஒரே இடத்தில் ரொம்ப நேரம் இருந்தால் தோலைச் சுடும். அமெரிக்காவில் உணர்ச்சியில்லாத கால்களோடு ஸீட் ஹீட்டரில் உட்கார்ந்து, ஆழமான தீக்காயம் பட்டவர்கள் இருக்கிறார்கள். ஸீட் எவ்வளவு சூடாகலாம் என்று ஒரு வரம்பு வேண்டும் என்று 2011-ல் அங்கே தீக்காய டாக்டர்கள் அரசாங்கத்திடம் கேட்டார்கள். சுகர்காரர்களுக்குச் சுட்ட புண் ஆறுவதும் லேசில் நடக்காது.

அதனால் ஸீட்டைச் சரி பண்ணி முடித்ததும், அப்பாவை உட்கார வைப்பதற்கு முன்னால் நீங்கள் அரைமணி நேரம் அந்த ஸீட்டில் உட்கார்ந்து பாருங்கள். சூடு ஒரு அளவில் நிற்கிறதா? ஒரே ஒரு இடம் மட்டும் குத்துகிற மாதிரிச் சுடுகிறதா? அப்படியொரு இடம் இருந்தால் கம்பி அங்கே மடிந்தோ நைந்தோ இருக்கிறது, அந்த ஹீட்டரை உபயோகிக்காதீர்கள், ஃப்யூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுவிடுங்கள். எல்லாம் நன்றாக இருந்தாலும் அப்பாவுக்கு ஏறினதும் பத்து நிமிஷம் 'லோ', கார் உள்ளே சூடானதும் ஆஃப். அவர் "இருக்கட்டும்டா, எனக்குச் சுடலை" என்பார். அந்த வார்த்தையை நம்பாதீர்கள், அவர் பொய் சொல்லவில்லை, அவர் காலுக்குத் தெரியவில்லை. நயாகரா பார்க்கப் போகும் வழியில் தூங்கிவிட்டார் என்றால் ஸ்விட்ச் உங்க பொறுப்பு. ஸீட் மேல் கம்பளியோ மெத்தையோ போடவும் வேண்டாம். சூடு வெளியேற வழியில்லாமல் அடியில் தேங்கும்.

2022-ல் பி.எம்.டபிள்யூ சில நாடுகளில் ஸீட் ஹீட்டருக்கு மாச வாடகை கேட்ட கூத்தையும் சொல்லாவிட்டால் தூக்கம் வராது. கம்பி ஸீட்டுக்குள் இருக்கும். ஆனால் காசு கட்டினால்தான் ஸாஃப்ட்வேர் அதைத் திறக்கும். ஊரே திட்டித் தீர்த்ததும் 2023-ல் கைவிட்டார்கள். அந்த மாதிரிக் கார் பழசாகி உங்க கைக்கு வந்தால், 'எலிமென்ட் ஓ.கே., ஃப்யூஸ் ஓ.கே., சென்ஸார் ஓ.கே.' என்று மண்டையைப் பிய்த்துக்கொள்வதற்கு முன்னால் ஓனர் அக்கவுன்ட்டையும் ஒருதரம் பார்த்துவிடுங்கள்!

கடைசியாக, அடுத்த வருஷம் கிளம்பப் போகிறவர்களுக்கு. பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரில் போய் இறங்குவீர்கள். நல்ல வெயில் இருக்கும். பழைய கார் பார்க்கும்போது ஏசி, ஸ்டீரியோ எல்லாம் போட்டுப் பார்ப்பீர்கள், ஸீட் ஹீட்டரைப் போட்டுப் பார்க்கத் தோன்றாது. விற்கிறவருக்கும் அது தெரியும். வியர்த்தாலும் பரவாயில்லை, முன்னால் இருக்கும் இரண்டு ஸீட்டையும் ஹை-யில் வைத்து ஆளுக்கொன்றில் ஐந்து நிமிஷம் உட்காருங்கள். உள்ளங்கையை அடியில் தனியாக, முதுகில் தனியாக வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சூடாகவில்லை என்றால், விலை பேசும்போது அதைச் சொல்லிக் குறைத்துக் கேளுங்கள். ஜனவரியில் கேட்டால் தரமாட்டார்கள்.